கதவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்: பயணிகள் வண்டியில் சரக்கு ஏற்றும் முறை

எங்கள் முதல் சோதனை ஓட்டத்தன்று நான் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஸ்டாப்வாட்ச்சுடன் நின்றிருந்தேன். வழக்கமாக அந்த நிறுத்தத்தில் பஸ் 14 நொடி நிற்கும். அன்று நடுக் கதவு வழியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இறக்கினார்கள். பெட்டியின் ஓரம் கைப்பிடிக் கம்பியில் இடித்தது. திருப்பிப் பிடித்தார்கள். வாங்க வேண்டியவர் ஐந்தடி தள்ளி நின்றிருந்தார். அவர் வந்தார், பெயரைப் படித்தார், கையெழுத்துப் போட்டார். கதவு மூடியபோது கடிகாரம் 52 நொடி காட்டியது.

பஸ்ஸுக்குள் யாரும் முணுமுணுக்கவில்லை. நல்லபடியாக நடந்துவிட்டது என்றே நாங்கள் அனைவரும் நினைத்தோம். மாலையில் உட்கார்ந்து கூட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நடையில் இப்படி ஏழு நிறுத்தங்கள். நிறுத்தத்துக்கு 38 நொடி கூடுதல் என்றால் மொத்தம் ஏறக்குறைய நாலரை நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் தடத்தில் நாலரை நிமிடம் பெரிய தொகை. தாமதமாகும் பஸ்ஸுக்காக ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏறி முடிக்க இன்னும் நேரமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இல்லாததால் அது விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஒன்று பிதுங்க, ஒன்று காலியாக, இரண்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதற்கு அடுத்த பஸ்ஸுக்காக ஒருவர் இருபது நிமிடம் வெயிலில் நிற்பார். ஒரு பெட்டி கதவில் இடித்ததற்கான விலையைக் கொடுப்பவர், அந்தப் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காத அந்த மனிதர்.

பஸ்களுக்குக் கால அட்டவணை போடும் வேலையில் 22 ஆண்டுகள் இருந்தவள் நான். கடைசிச் சில ஆண்டுகள் பயணிகள் வண்டியிலேயே சரக்கையும் கொண்டுபோகும் திட்டத்தில் வேலை செய்தேன். இந்த யோசனையை நான் முழுமனதாக நம்புகிறேன். ஒரே தெருவில் முக்கால்வாசி காலியான பஸ்ஸும் முக்கால்வாசி காலியான சரக்கு வேனும் முன்னும் பின்னுமாகப் போவதைப் பார்த்துச் சும்மா இருக்க என்னால் முடிந்ததில்லை. ஆனால் இந்த யோசனையைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் இருக்கைகளை எண்ணித் தொடங்குகிறார்கள். வண்டியில் இடம் கிடைப்பது எளிது. கதவில் நேரம் கிடைப்பதுதான் கடினம். கீழே நான் சொல்லும் எல்லா வழிமுறையும் அந்த நொடிகளைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

எந்த வகைக் கூட்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"பயணிகளும் சரக்கும் சேர்ந்து" என்ற சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் ஆளும் பெட்டியும் போவது ஒன்று. பயணிகளின் தண்டவாளத்திலோ தடத்திலோ சரக்குக்கென்று தனி வண்டி ஓடுவது இன்னொன்று. நிலையத்தையும் பணிமனையையும் மட்டும் பகிர்ந்துகொள்வது மூன்றாவது. பயணி தன் பார்சலை நிலையத்துப் பெட்டகத்திலிருந்து எடுத்துக்கொண்டு வீடு போவது இதில் சேரும். மூன்றையும் ஒரே கூட்டத்தில் குழப்பிப் பேசுவார்கள். நீங்கள் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஆபத்தும் அனுமதியும் செலவும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

தனி வண்டி வகைக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சரக்கு ட்ராம் நல்ல பாடம். 2001 முதல் நகரின் ஒரு பக்கம் இருந்த சரக்கு மையத்திலிருந்து மறு பக்கம் இருந்த ஃபோக்ஸ்வாகன் கார் ஆலைக்கு அது உதிரிபாகங்களை ஏற்றிச் சென்றது. ஏறக்குறைய 60 மீட்டர் நீளம், 60 டன் வரை சுமை, மூன்று லாரிகளின் வேலை. பயணிகள் ட்ராம் ஓடும் அதே தண்டவாளம். அது அத்தனை ஆண்டுகள் ஓடியதற்குக் காரணம் ட்ராமின் அழகோ தொழில்நுட்பமோ அல்ல என்பது என் முடிவு. இரண்டு முனையிலும் ஒரே முதலாளியின் சரக்கு. நடுவில் ஒரு நிறுத்தம்கூடக் கிடையாது. பெட்டி கைமாற வேண்டிய அவசியமே இல்லை. அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருந்தது. 2016-ல் ஆலையில் ஒரு கார் மாடலின் உற்பத்தி முடிந்ததும் ட்ராம் நின்றது. 2017-ல் வேறு மாடலுக்காகத் திரும்ப ஓடியது. 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பிய தடம் அவர் போனால் போய்விடும்.

ஆம்ஸ்டர்டாமில் 2007-ல் சரக்கு ட்ராமைச் சோதித்தார்கள். ட்ராமிலிருந்து சிறிய மின்சார வண்டிகளுக்குச் சரக்கை மாற்றிக் கடை கடையாகக் கொண்டுபோவது திட்டம். சோதனை ஓடியது, ஆனால் முழுத் திட்டத்துக்குப் பல டஜன் ட்ராம்களும் புதிய ஏற்று தளங்களும் முதலிலேயே வேண்டியிருந்தன. 2009-ல் பணம் திரளாமல் நின்றுபோனது. சூரிச் நகரம் 2003-ல் தொடங்கியது மிகச் சிறிய காரியம். கழிவு ஏற்றும் ட்ராம் ஒன்று குறித்த நாளில் குறித்த இடத்தில் பக்கத் தண்டவாளத்தில் வந்து நிற்கும். பக்கத்தில் குடியிருப்பவர்கள் உடைந்த மேசை நாற்காலிகளை நடந்தோ சைக்கிளிலோ கொண்டுவந்து போடுவார்கள். காரில் கொண்டுவந்தால் வாங்க மாட்டார்கள். பழைய வண்டி, ஏற்கெனவே இருந்த தண்டவாளம், அவசரமே இல்லாத சரக்கு. தொடங்குகிறவர்கள் பின்பற்ற வேண்டியது இந்த அடக்கத்தைத்தான்.

ஒரே வண்டியில் ஆளும் பெட்டியும் போவதற்கு ஜப்பானைப் பாருங்கள். 2015-ல் யமாட்டோ என்ற பார்சல் நிறுவனம் இவாத்தே மாவட்டத்துப் பஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, நெடுந்தூரப் பஸ்ஸின் பின்பக்க இருக்கைகள் சிலவற்றை எடுத்துவிட்டுப் பார்சல் அறை அமைத்தது. ஆட்கள் குறைந்து நின்றுபோகும் நிலையில் இருக்கும் தடங்களைக் காப்பாற்றுவதும் அதன் நோக்கம். அதே நிறுவனம் 2011-லேயே கியோட்டோவில் ட்ராமில் பார்சல் ஏற்றி, இறங்கிய இடத்திலிருந்து சைக்கிள் வண்டியில் வீடுகளுக்குக் கொண்டுபோனது.

நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒரே வண்டி வகையைப் பற்றியது, அதிலும் பஸ். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

ஒரு வாரம் எண்ணுங்கள்

சராசரியை நம்பாதீர்கள். "இந்தத் தடத்தில் சராசரியாக 22 பேர்தான் போகிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், எந்த இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே மிக அதிகம் பேர் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஒரு வண்டி முக்கால் மணி நேரம் காலியாகப் போய், மருத்துவமனைக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே நான்கு நிமிடம் மட்டும் பிதுங்கலாம். பெட்டி அந்த நான்கு நிமிடமும் வண்டிக்குள்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு நடைக்கும் அதன் நெரிசல் உச்சத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். டிக்கெட் இயந்திரத்தின் பதிவு உதவும். ஆனால் எங்கே ஏறினார்கள் என்று சொல்லும் பல இயந்திரங்கள் எங்கே இறங்கினார்கள் என்று சொல்வதில்லை. ஒரு வாரமாவது ஆளை உட்காரவைத்து எண்ணுங்கள். சனி, ஞாயிறு உட்பட.

எண்ணி முடித்தால் ஒரு சங்கடம் தெரியும். காலையில் ஆட்கள் நகர மையத்தை நோக்கிப் போகிறார்கள். சரக்கும் அதே நேரத்தில் அதே திசையில்தான் போக விரும்புகிறது, ஏனென்றால் கடைகள் திறப்பதற்குள் வந்து சேர வேண்டும். இருவருக்கும் ஒரே வண்டி வேண்டும் என்றால் பயணிதான் முதலில். இதில் பேரம் பேசாதீர்கள். நெரிசல் நேரத்தில் சரக்கு ஏற்றாமல் காலை பத்தரை மணியிலிருந்து மூன்று மணி வரையும், இரவு எட்டுக்கு மேலும் ஏற்றினால் போதும் என்கிற வாடிக்கையாளர்களைத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

பலரும் கவனிக்காத இன்னொரு இடம், பணிமனைக்கும் தடத்தின் தொடக்கத்துக்கும் இடையே உள்ள காலி ஓட்டம். விடியற்காலையில் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு பயணிகூட இல்லாமல் பணிமனையிலிருந்து முதல் நிறுத்தத்துக்குப் போகிறது. இரவில் அதே போல் திரும்புகிறது. டீசலும் ஓட்டுநர் சம்பளமும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அந்த ஓட்டத்தில் கதவு எத்தனை நொடி திறந்திருந்தாலும் காத்திருக்க யாரும் இல்லை. மாலையில் பணிமனையில் பெட்டிகளைச் சேர்த்து, காலை முதல் ஓட்டத்தில் ஏற்றித் தொடக்க நிறுத்தத்தில் இறக்கினால் பயணியின் ஒரு நொடியும் செலவாவதில்லை. எங்கள் திட்டம் முதல் சோதனையின் தோல்வியிலிருந்து எழுந்து நின்றது இந்தக் காலி ஓட்டங்களால்தான். உங்கள் பணிமனை நகரத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள். சரக்கு வரும் பக்கத்திலேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மெட்ரோ நிலையங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே கதவைவிட லிஃப்ட்தான் பிரச்சினை. தள்ளுவண்டி எஸ்கலேட்டரில் போகாது. நிலையத்தில் ஒரே ஒரு லிஃப்ட் இருந்தால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் குழந்தை வண்டி தள்ளி வருகிறவருக்கும் அதுதான் ஒரே வழி. அந்த லிஃப்டில் சரக்கு ஏறும் மணிகளையும் எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெட்டி, எடை, இடம்

எல்லாச் சரக்கையும் ஒரே அளவுப் பெட்டியில் அடையுங்கள். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலமுள்ள அடுக்குப் பெட்டிகள் உலகம் முழுவதும் புழங்குகின்றன; 120-க்கு 80 செ.மீ. அளவுள்ள சரக்குத் தட்டில் ஓர் அடுக்குக்கு நான்கு சரியாக உட்காரும். அகலம் 40 செ.மீ. என்பதால் ஒருவர் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் கதவில் இடிக்காமல் நுழையலாம். நான் பார்த்த அந்த 52 நொடிப் பெட்டி இதைவிட அகலமானது. ஒரு பெட்டி 15 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அதற்கு மேல் போனால் தூக்குகிறவர் ஒருமுறை கீழே வைத்து மூச்சு வாங்குவார். அதற்கும் பத்து நொடி ஆகும். அதைவிட முக்கியம், அவருடைய முதுகு.

சக்கரம் வைத்த கம்பிக் கூண்டுகளை விரும்புகிறவர்கள் உண்டு. வண்டியின் தரையும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும் ட்ராமுக்கும் மெட்ரோவுக்கும் அது நல்லது. பஸ்ஸுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். தாழ்தளப் பஸ்ஸின் தரைகூடச் சாலையிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் உயரத்தில் இருக்கிறது; நிறுத்தத்து நடைபாதை சரியான உயரத்தில் இல்லாவிட்டால் சாய்தளத்தைப் போட வேண்டும். அதைப் போட்டு எடுப்பதற்குள் போக்குவரத்து சிக்னல் இரண்டு முறை மாறிவிடும்.

வண்டிக்குள் எங்கே வைப்பது? தாழ்தளப் பஸ்ஸின் நடுக் கதவுக்கு எதிரே ஒரு திறந்த இடம் இருக்கும். காலியாக, வசதியாக, கட்டுவதற்குக் கம்பியோடு. அது சக்கர நாற்காலிக்கான இடம். ஐரோப்பிய பஸ் விதிகளில் அதற்கு 130-க்கு 75 செ.மீ. ஒதுக்கியிருக்கிறார்கள். "அவர்கள் வந்தால் எடுத்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வருகிறவர் நிறுத்தத்தில் நின்று, தனக்காகப் பெட்டிகளை அகற்றுவதை ஒரு பஸ் முழுக்க ஆட்கள் வேடிக்கை பார்ப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த முறை அவர் வரமாட்டார்.

கடைசி இருக்கை வரிசையை எடுத்துவிடலாம் என்பது அடுத்த யோசனை. எஞ்சின் பின்னால் இருக்கும் பஸ்ஸில் பின் அச்சின் மேல்தான் ஏற்கெனவே அதிகச் சுமை. அங்கே இன்னும் சுமை சேர்ப்பதற்கு முன் பணிமனைப் பொறியாளரிடம் பின் அச்சின் எடை வரம்பைக் கேளுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் அச்சின் வரம்பைத் தாண்டியிருக்கலாம். எங்களுக்கு ஒத்துவந்தது முன் சக்கர வளைவின் மேல் உள்ள மேடை. பயணிகள் பை வைக்கும் இடம்தான். அதில் பாதியைக் கதவு வைத்த அலமாரியாக்கினோம். முன் கதவுக்குப் பக்கம், ஓட்டுநரின் கண் பார்வைக்குள். அலமாரிக்குள் எட்டுப் பெட்டிகள். மீதிப் பாதி பயணிகளுக்கே.

கட்டுங்கள்

ஒரு மதியம் நான் பயணம் செய்த பஸ்ஸின் குறுக்கே ஒரு சிறுவன் ஓடினான். ஓட்டுநர் பிரேக்கை முழுதாக அழுத்தினார். சிறுவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அலமாரி வருவதற்கு முந்தைய நாட்கள் அவை. பெட்டிகளின் மேல் ஒரு நைலான் பட்டை மட்டும் போட்டிருந்தோம். கீழ்ப் பெட்டி நின்றது. மேல் பெட்டி பட்டைக்கு அடியிலிருந்து நழுவி, நடைவழியில் சறுக்கி, முதல் இருக்கையில் இருந்த ஓர் அம்மாவின் கணுக்காலில் மோதியது. எலும்பு முறியவில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நான் டிக்கெட் வாங்கித்தானே உட்கார்ந்திருக்கிறேன்?" அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எல்லாப் பெட்டிகளையும் இறக்கிவிட்டோம். அலமாரி தயாராகும் வரை ஆறு வாரம் ஒன்றையும் ஏற்றவில்லை.

சாலையில் சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 12195 ஒரு கணக்கு தருகிறது. முன்னோக்கிச் சரக்கின் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீத விசையையும் கட்டு தாங்க வேண்டும். எட்டுப் பெட்டி, தலா 15 கிலோ என்றால் 120 கிலோ. முன்பக்கத் தடுப்பு 96 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தாங்க வேண்டும். மெல்லிய ஒட்டுப்பலகைக் கதவும் சின்னக் கொக்கியும் அதைத் தாங்காது. லாரியில் சரக்கு விழுந்தால் சரக்கு உடையும். பஸ்ஸில் விழுந்தால் ஆள் மேல் விழும். ஆகவே தரநிலை கேட்பதைவிட வலுவாகவே செய்யுங்கள்: இரும்புச் சட்டம், வண்டியின் உடற்சட்டத்தோடு திருகியது, தானாகத் திறக்காத தாழ்ப்பாள். கதவு தாழிடாமல் இருந்தால் ஓட்டுநர் முன் விளக்கு எரிய வேண்டும்.

யார் கையில் இருக்கிறது?

திட்டம் நிற்பதும் விழுவதும் கதவுக்கு அடுத்தபடியாக இந்தக் கேள்வியில்தான்.

ஓட்டுநர்களோடு முதல் கூட்டம் போட்டபோது அலமாரி, அளவு, நேரம் எல்லாம் விளக்கினேன். பின் வரிசையில் இருந்த மூத்த ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரிதான் அம்மா. பெட்டி காணாமல் போனால் யார் சம்பளத்தில் பிடிப்பீர்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசித்துச் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அறையில் இருந்த நாற்பது பேரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள் என்பது அப்போது புரிந்தது.

எழுதிக் கொடுத்தோம். ஓட்டுநரும் நடத்துநரும் பெட்டியைத் தொட மாட்டார்கள். ஏற்றவோ இறக்கவோ எண்ணவோ கையெழுத்துப் போடவோ மாட்டார்கள். இழப்பு எதுவாயினும் அவர்கள் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கப்படாது. இது அவர்களுக்குச் செய்த சலுகை என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் பயணிகளுக்குச் செய்த பாதுகாப்பு. ஓட்டுநரின் கண் சாலையில் இருக்க வேண்டும், அலமாரியில் அல்ல.

அப்படியென்றால் பெட்டி யார் பொறுப்பு? அனுப்புகிறவர் பெட்டியைப் பூட்டி, எண்ணிட்ட பிளாஸ்டிக் முத்திரை மாட்டுகிறார். முனையத்தில் உள்ள சரக்குப் பணியாளர் முத்திரை எண்ணைப் பதிந்து அலமாரியில் வைத்துத் தாழிடுகிறார். மறுமுனையில் இன்னொரு பணியாளர் எடுத்து எண்ணைச் சரிபார்க்கிறார். கையெழுத்து இந்த இரண்டு இடங்களில் மட்டும், பஸ் முனையத்தில் நிற்கும் இடைவேளைக்குள். கால அட்டவணையில் ஒவ்வொரு நடைக்கும் முடிவில் ஐந்தாறு நிமிட இடைவேளை இருக்கும். அது ஓட்டுநர் தண்ணீர் குடிக்கவும் தாமதத்தை ஈடுகட்டவும் உள்ள நேரம். சரக்கு அதற்குள் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். இடை நிறுத்தங்களில் இறக்குவதை நாங்கள் முழுவதும் கைவிட்டோம். முனையத்திலிருந்து கடைசித் தூரத்துக்குச் சரக்கு சைக்கிள் போகிறது.

பெட்டியின் மேல் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மும்பையில் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டப்பாவாலாக்கள் நூறாண்டுக்கும் மேலாகப் புறநகர் ரயில்களில் ஆயிரக்கணக்கான டப்பாக்களை, வண்ணமும் எழுத்தும் எண்ணும் கொண்ட சிறு குறியீட்டை வைத்தே பிரித்துச் சேர்க்கிறார்கள். முழு முகவரியைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. அதே ரயில்களில் சரக்குக்கென்று தனிப் பகுதி இருப்பதும் கவனிக்க வேண்டியது. நாங்கள் தடத்துக்கு ஒரு நிறம், முனையத்துக்கு ஒரு பெரிய எழுத்து என்று வைத்தோம். ஸ்கேனர் வேலை செய்யாத நாளில் அந்த எழுத்துதான் வேலை செய்தது.

எதை ஏற்றலாம், எதை ஏற்றவே கூடாது

உள்ளே என்ன இருக்கிறது என்று அனுப்புகிறவரே சொல்ல முடியாத பெட்டியை ஏற்றாதீர்கள். பொதுமக்கள் கையிலிருந்து நேரடியாகப் பார்சல் வாங்குவதைத் தொடக்கத்தில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். ஐ.நா. வகைப்படுத்தும் ஆபத்தான பொருட்களின் ஒன்பது வகுப்புகளில் எதுவும் பயணிகளோடு வேண்டாம். பலர் மறப்பது லித்தியம் பேட்டரி. யு.என். 3480 என்ற எண்ணுள்ள தனி பேட்டரிப் பொதிகள் தீப்பிடித்தால் மூடிய பஸ்ஸுக்குள் புகை நிரம்பச் சில நொடி போதும். ஆய்வகத்துக்குப் போகும் ரத்த, சளி மாதிரிகளும் தொற்று அபாய வகைக்குள் வரக்கூடும். அவற்றுக்கென்று உள்ள வண்டியில் போகட்டும். ஒழுகுவது, நாறுவது, குளிரில் இருக்க வேண்டியது, உயிருள்ளது எதுவும் வேண்டாம்.

எங்களுக்கு முதலில் அமைந்த வாடிக்கையாளர் நூலகம். கிளை நூலகங்களுக்கு இடையே தினமும் புத்தகங்கள் போய்வரும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே நிறுவனம். உள்ளே என்ன என்பதில் சந்தேகமில்லை. மூன்று மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை. போகிற அளவுக்குத் திரும்பியும் வரும், ஆகவே காலிப் பெட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. இந்த நான்கும் சேர்ந்த சரக்கு எது உங்கள் நகரத்தில் என்று தேடுங்கள்: அலுவலகக் கோப்புகள், பணிமனைகளுக்கு இடையே போகும் உதிரிபாகங்கள், சலவைக்குப் போய்வரும் சீருடைகள். அடுத்த நாள் டெலிவரி என்று வாக்களித்துவிட்டு ஓடும் இணையக் கடைகளை இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அனுமதியும் பணமும்

பயணிகள் உரிமமும் சரக்கு உரிமமும் பெரும்பாலும் வேறு வேறு. ஜப்பானிலேயே பஸ்ஸில் ஏற்றும் சரக்குக்கு 350 கிலோ வரம்பு இருந்தது. 2017-ல்தான் அதைத் தளர்த்தினார்கள். உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பயணிக்கு ஏற்படும் காயத்துக்குச் சரக்கு காரணமானால் காப்பீடு செல்லுமா என்று அதே சொற்களில் கேளுங்கள்.

வருமானத்தைக் கணக்கிடும்போது டீசலைச் சேர்க்காதீர்கள். வண்டி எப்படியும் ஓடும். முனையப் பணியாளர், அலமாரி, முத்திரை, சைக்கிள் இவைதான் உண்மையான செலவு. கிடைப்பது பெரிய தொகையாக இருக்காது. அதை எதற்குச் செலவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து அறிவியுங்கள். எங்கள் தடத்தில் இரவு ஒன்பதரை மணி நடை ஆளில்லாமல் நிறுத்தப்பட இருந்தது. சரக்குப் பணம் அதைக் காப்பாற்றியது. அந்த நடையில் வீடு திரும்புகிறவர்கள் அலமாரியைப் பற்றி ஒருமுறைகூடப் புகார் செய்ததில்லை.

நிறுத்தும் விதியை முதலிலேயே எழுதுங்கள்

சோதனை தொடங்கும் முன், எந்த நிலையில் சோதனையை நிறுத்துவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓடத் தொடங்கியபின் யாருக்கும் நிறுத்த மனம் வராது. எங்கள் விதிகள்: சரக்கினால் ஒரு நடை ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதமாகப் புறப்படுவது வாரத்தில் இரண்டு முறை நடந்தால் நிறுத்தம். இடமில்லை என்று ஒரு பயணியை விட்டுவிட்டுப் போனால் அன்றே நிறுத்தம். யாருக்காவது அடிபட்டால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், காரணம் தெரியும் வரை நிறுத்தம்.

தாமதத்தைச் சராசரியால் அளக்காதீர்கள். இருபது நடைகளில் பத்தொன்பது சரியாகப் போய் ஒன்று ஆறு நிமிடம் தாமதமானால் சராசரி 18 நொடிதான் காட்டும். அந்த ஒரு நடையில்தான் ஒருவர் கடைசி ரயிலைத் தவறவிட்டிருப்பார். மிக மோசமான நடை எது, ஏன் என்று வாராவாரம் கேளுங்கள்.

பஸ் பழுதாகும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். நடுவழியில் வண்டி நின்றால் பயணிகள் அடுத்த பஸ்ஸுக்கு மாறுவார்கள். பெட்டிகளையும் கூடவே மாற்ற வேண்டும் என்ற ஆசை அனுப்பியவருக்கு வரும். முனையப் பணியாளரைத் தொலைபேசியில் அழைத்து அவசரப்படுத்துவார். ஆகவே ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் ஓர் அட்டை ஒட்டினோம். பயணிகளை மாற்றுங்கள். அலமாரியைத் திறக்காதீர்கள். இந்த எண்ணுக்கு அழைத்து வண்டி எண்ணை மட்டும் சொல்லுங்கள். பழுது வண்டியோடு பெட்டிகள் பணிமனைக்கு வரட்டும்.

ஒரு மழை நாள் மாலையில் அப்படியே நடந்தது. ஓட்டுநர் அட்டையில் இருந்தபடி அழைத்தார். 31 பேரும் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள். நூலகப் பெட்டிகள் எட்டும் இழுவை வண்டியின் பின்னால் பணிமனைக்கு வந்து, மறுநாள் விடியற்காலை 4.50 காலி ஓட்டத்தில் ஏறின. முத்திரை எண்கள் எட்டும் சரியாக இருந்தன.